அசனத்துக்கு முன்னால் ஒரு விண்ணப்பம்: சேகரக் கமிட்டியாருக்குத் திறந்த மடல்

கர்த்தருக்குள் பிரியமான கமிட்டி அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், ஸ்தோத்திரம்.

நம் ஆலயத்தின் பொது விருந்தான அசனம் நெருங்குகிறது. நம் சேகரத்துச் சபைகளை நடத்தும் கமிட்டிக்கான தேர்தல் முடிந்து எட்டு மாசம் ஆகிறது. ஜெயித்தவர்கள் ஒரு வாசலிலும் தோற்றவர்கள் இன்னொரு வாசலிலும் ஆலயத்துக்குள் வருகிறீர்கள். போன மாசம் ஒரு துக்க வீட்டுக்குப் பாடகர் குழுவில் பாதிப் பேர் வரவில்லை. செத்தவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று பார்த்தா அடக்க ஆராதனைக்குப் பாடுவது?

உங்களை மட்டும் குற்றம் சொல்லி எழுதவில்லை. போன வருஷ அசனப் பந்தியில் எனக்குக் கறி ஊற்ற வந்தவர் எதிர் அணிக்காரர். நான் இலையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் கையில் கரண்டி அப்படியே நின்றது. சாறு சொட்டி, வெள்ளைச் சட்டைக் கை நனைந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த இலைக்குப் போனார். அன்று காலையில்தான் நற்கருணை எடுத்திருந்தேன். அந்தக் கரண்டி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஆறு மாசம் ஆயிற்று.

பவுல் அப்போஸ்தலர் நிருபம் எழுதிய கொரிந்து சபை, ஆவியின் வரங்களில் குறைவில்லாத சபை. அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் இருந்தது. ஆனாலும் பவுல் அவர்களைப் பால் குடிக்கிற குழந்தைகள் என்றுதான் எழுதினார். காரணம், நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்ற கோஷ்டிதான். நாமும் நீண்ட ஜெபத்தையும் உபவாசத்தையும் வைத்தே ஆவிக்குரிய வளர்ச்சியை அளக்கிறோம். விட்டுக்கொடுக்கிறதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நம் நெல்லைச் சீமையும் பிளவு கண்ட சீமைதான். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து ஊர் ஊராகச் சபைகளை வளர்த்த மிஷனரி ரேனியஸ் ஐயரை 1835-ல் மிஷன் சங்கம் விலக்கியது. அவரோடு ஒரு கூட்டம், மிஷனோடு ஒரு கூட்டம் என்று சபைகள் உடைந்தன. 1838-ல் அவர் இறந்த பிறகுதான் பிரிந்தவர்கள் திரும்பி வந்து சேர்ந்தார்கள். நமக்குள் சமாதானம் வரவும் யாராவது சாக வேண்டுமா?

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சர் (பிஷப்), 1919-ல் தரங்கம்பாடியில் கூடி சபை ஐக்கியத்துக்கு அழைத்தவர்களில் ஒருவர். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அத்தியட்சர் ஆளுகை, மூப்பர் ஆளுகை என்று வேறு வேறு முறைமையில் வளர்ந்தவர்கள் தங்களுக்கு அருமையானதை விட்டுக்கொடுத்து ஒன்றானார்கள். நாம் சண்டை போடுவது ஸ்டோர் ரூம் சாவிக்கு.

நம் சேகர குருவானவர் ஐயரவாளுக்கும் ஒரு வார்த்தை. பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்கள் மனஸ்தாபப்பட்டபோது, யார் பக்கம் நியாயம் என்று பவுல் எழுதவில்லை. இருவருக்கும் தனித்தனியே புத்தி சொன்னார். அவர்களுக்கு உதவி செய்யும்படி கூட்டாளியையும் கேட்டுக்கொண்டார். நீங்களும் இரண்டு வீட்டுக்கும் போய் உட்காருங்கள், ஐயா.

அசனத்துக்கு இரண்டு கமிட்டி, இரண்டு கணக்கு நோட்டு வேண்டாம். சோற்று அண்டாவைக் கம்பு கோத்து இரண்டு பேர்தான் தூக்க வேண்டும். இந்த வருஷம் கம்பின் ஒரு முனையைப் பழைய கமிட்டியும் மறுமுனையைப் புதிய கமிட்டியும் பிடியுங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வெங்காயம் உரிக்க நான் அரிவாள்மனையோடு வருகிறேன். எனக்குப் பக்கத்தில் உட்கார, போன வருஷம் கறி ஊற்ற வந்த அண்ணனின் சம்சாரத்தைக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் சகோதரி,
பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருத்தி