பழைய வெளியிணைப்பு இயந்திரங்களைக் கழித்துவிடும் முன்

ஆசிரியர் அவர்கட்கு,

2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டபோது வடபகுதிக் கடற்றொழிலாளர்கள் பட்ட பாடு வாசகர்களுக்குத் தெரிந்ததே. எரிபொருள் விலை, மானியம் ஆகியவை பற்றி அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் அதே குடும்பங்களின் கையிலிருந்து சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும் இன்னொரு செலவைப் பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. படகின் பின்புறத்தில் பூட்டப்படும், சரியாக ஓடாத பழைய வெளியிணைப்பு இயந்திரத்துக்கு, குறை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே ஒவ்வொரு பாகமாக வாங்கி மாற்றுவதும், அதன் பின்னும் சரிவராதபோது "எஞ்சின் முடிஞ்சுது" என்று கழித்துவிட்டுக் கடனில் புதியது எடுப்பதுமே அந்தச் செலவு. இத்தகைய இயந்திரங்களைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எமது கரைகளில் 18 அடிக் கண்ணாடியிழைப் படகுகளில் பூட்டப்பட்டிருப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டடிப்பு (டூ ஸ்ட்ரோக்) மண்ணெண்ணெய் இயந்திரங்கள். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி, எரிபொருளைக் காற்றோடு கலந்துவிடும் காபுரேற்றரில் நிற்கும் மண்ணெண்ணெயை எரித்துத் தீர்த்துவிட்டு நிறுத்துவதே இவற்றுக்குரிய முறை. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாவதில்லை என்பதே இதற்குக் காரணம். இப்போது பெற்றோலை மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில் பலர் அந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். மறுநாள் விடியற்புறம் கயிறு இழுத்துக் கை சோர்ந்த பின், குற்றம் இயந்திரத்தின் வயதின் மேல் விழுகிறது.

அண்மையில் என்னிடம் வந்த 25 குதிரைவலு இயந்திரம் ஒன்றை உதாரணமாகக் கூறலாம். கரையை விட்டு வெளிக்கிடும்போது நன்றாக ஓடும். வெளியே சென்று முழு வேகத்துக்கு ஏற்றினால் சற்று நேரத்தில் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். சிறிது ஆறவிட்டால் மீண்டும் ஓடும். உரிமையாளர் அதை ஏற்கெனவே நகரிலுள்ள ஒரு கராஜில் காட்டி, முதலில் மின்பொறி தரும் பிளக்குகளையும், பிறகு அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலையும், அதற்கும் பிறகு முழு காபுரேற்றரையும் மாற்றியிருந்தார். நான் முதலில் செய்தது பக்கத்துப் படகுக்காரரின் எரிபொருள் தாங்கியையும் குழாயையும் இந்த இயந்திரத்தில் பூட்டி ஓடவிட்டதுதான். எவ்வளவு ஏற்றியும் அது நிற்கவில்லை. அப்படியானால் குறை இயந்திரத்துக்குள் இல்லை. பழைய குழாயைக் கத்தியால் நீளப்பாட்டில் பிளந்து பார்த்தபோது, வெளிப்புறம் புதிதுபோல் இருந்தாலும், உட்புறக் கறுப்புப் படலம் ஒரு விரலளவுக்கு உரிந்து நாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக ஓடும்போது அது ஒதுங்கி வழிவிடும். இயந்திரம் அதிகம் உறிஞ்சும்போது வந்து வாயை அடைத்துக்கொள்ளும். குழாயை மாற்றியதோடு விடயம் முடிந்தது. முன்னர் வாங்கிய பாகங்கள் ஒன்றும் கெட்டவை அல்ல, தேவைப்படாதவை, அவ்வளவுதான்.

இந்தத் தாங்கி மாற்றும் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. இறங்குதுறையில் நிற்கும் எவரும் செய்யலாம். எரிபொருள் வரும் வழியில் இருக்கும் குறைகளே பழைய இயந்திரங்களில் நான் அதிகம் காண்பவை என்பதால், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொல்வேன். தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? குழாயின் நடுவிலுள்ள கைப்பந்து, இயந்திரம் ஓடும்போது உள்நோக்கிச் சப்பையாகிறதா? ஆகினால் தாங்கிப் பக்கத்தில் அடைப்பு இருக்கிறது. எவ்வளவு அமுக்கியும் இறுகவில்லையென்றால் காற்று எங்கோ உட்புகுகிறது, அல்லது பந்தின் வால்வு பழுது. இயந்திரம் தளரும் அந்தக் கணத்தில் பந்தை அமுக்கிக்கொடுக்க அது உயிர்பெற்று ஓடினால், எரிபொருள் போதாமல்தான் தளர்ந்திருக்கிறது. எரிபொருள் பம்பின் மெல்லிய சவ்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாங்கியின் அடியிலிருந்து சிறிதளவு எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து வைத்தால், தண்ணீர் கலந்திருப்பின் அது அடியில் தனியாகத் தெரியும்.

மெதுவாக ஓடும்போது நின்று, வேகத்தில் நன்றாக ஓடினால் காபுரேற்றரின் சிறிய ஜெட்டிலும், மெதுவாக நன்றாக ஓடி வேகத்தில் தளர்ந்தால் பெரிய ஜெட்டிலும் அடைப்பைத் தேட வேண்டும். அந்த நுண்துளைகளைக் கம்பியால் குத்தும் வழக்கம் எமது பகுதியில் பரவலாக உண்டு. துளை சிறிதளவு பெருத்தாலும் எண்ணெய் கூடுதலாக இறங்கும். பிறகு எத்தனை முறை கழுவியும் பயனில்லை. ஊறவைத்துக் காற்றடித்துத்தான் திறக்க வேண்டும்.

எரிபொருளில் குறையில்லை என்று தெரிந்த பிறகே மின்பொறிக்குச் செல்வது முறை. இரண்டு சிலிண்டர் இயந்திரத்தில் எது வேலைசெய்யவில்லை என்று அறிய, இயந்திரத்தை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி இயந்திர உடலோடு நன்றாகத் தொடுத்துவிட்டு, மற்றதைக் கொண்டு ஓடுகிறதா என்று பார்க்கலாம். பின்னர் மாற்றிப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈரக்கையால் வயரைப் பிடுங்குவது வீரம் அல்ல. அது ஆளையும் அடிக்கும், வயர் அந்தரத்தில் நிற்பதால் மின்பொறிப் பெட்டியையும் கெடுத்துவிடும். கழற்றிய பிளக்கே பாதிக் கதையைச் சொல்லும்: இளம் மண்ணிறம் என்றால் நலம், கறுத்து நனைந்திருந்தால் எரிபொருள் எரியாமல் கிடக்கிறது, வெளிறியிருந்தால் எரிபொருள் போதாமல் சூடேறுகிறது, ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். பொறியே வரவில்லையென்றால், கொயில் வாங்கக் கடைக்குப் போகும் முன், நிறுத்தும் பொத்தானின் வயரைக் கழற்றிவிட்டு ஒருதரம் இழுத்துப் பாருங்கள். உப்பு ஏறிய பொத்தான் எப்போதும் "நில்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இயந்திரம் உண்மையில் தேய்ந்துவிட்டதா என்பதை அமுக்கமானி ஒன்றுதான் சொல்ல முடியும். இரண்டு பிளக்குகளையும் கழற்றி, முடுக்கியை முழுதாகத் திறந்து வைத்துச் சில தரம் இழுத்தால், ஒவ்வொரு சிலிண்டரின் அளவும் தெரிந்துவிடும். இரண்டுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ, இரண்டுமே கையேட்டிலுள்ள அளவை விடக் குறைந்திருந்தாலோ மட்டுமே உள்ளே கைவைக்கும் பேச்சு எழ வேண்டும். அப்போதும்கூட, மண்ணெண்ணெய்க் கரி படிந்து பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்; கரியைக் கரைத்து எடுத்தால் இழந்த அமுக்கம் திரும்புவதுண்டு. இந்த மானியை வைத்துப் பார்க்காமல் "முடிஞ்சுது" என்று தீர்ப்புச் சொல்பவரிடம், அளவு எவ்வளவு என்று கேட்கும் உரிமை உரிமையாளருக்கு இருக்கிறது.

இயந்திரம் இரைந்து சுழன்றும் படகு போகாதிருந்தால், புரொப்பெல்லரின் உள்ளே இருக்கும் இறப்பர் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். உட்குழாயிலிருந்து வெளிப்பாகம்வரை பெயின்றால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓடி வந்தால், கோடு முறிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். குளிர்ச்சித் தண்ணீர் மெலிந்து வந்தால், அதை ஏற்றும் பம்பின் இம்பெலரையும் உப்படைப்பையும் பார்க்க வேண்டும். சோதிப்பதற்காகக் கரையில் தண்ணீரின்றி முடுக்குபவர்கள், நல்ல இம்பெலரையும் சில நொடிகளில் கருக்கிவிடுகிறார்கள். கீழ்ப்பாகத்தைத் தண்ணீர் நிரப்பிய ஒரு பரலில் அமிழ்த்தி வைத்தே ஓடவிட வேண்டும்.

இவை எல்லாம் கையேடுகளில் உள்ள விடயங்களே. ஆனால் எமக்குக் கிடைக்கும் கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அவையும் பழைய இயந்திரத்தோடு கைமாறி வருவதில்லை. எனவே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் உங்கள் பத்திரிகை வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு இறங்குதுறையிலும் சங்கத்தின் பொறுப்பில் ஓர் அமுக்கமானி, ஒரு மின்பொறி சோதிக்கும் கருவி, குறையில்லாதது என்று உறுதியான ஒரு தாங்கியும் குழாயும், நன்னீர் நிரப்பிய ஒரு பரல் ஆகியவை இருக்கட்டும். இவை அனைத்துக்கும் ஆகும் செலவு ஒரு புதிய இயந்திரத்தின் விலையோடு பார்த்தால் சிறிதே. கடற்றொழில் திணைக்களம் இந்தச் சோதனை முறையைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, படகுப் பதிவுக்கு வருபவர்களின் கையில் கொடுக்கலாம். அந்தத் தாளை எழுதவும், எந்தச் சங்கத்தில் வேண்டுமானாலும் வந்து செய்து காட்டவும், ஊதியமின்றி நானும் என்னைப் போன்ற திருத்துநர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
வெளியிணைப்பு இயந்திரத் திருத்துநர் ஒருவர்,
வடமராட்சி.