மவுஸ் பட்டியல்ல டிபிஐ மட்டும் போதாதுங்க, நீளமும் சுவிட்சும் வயரும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர் டெக் பக்கத்துல, கேமுக்கும் ஆபிஸ் வேலைக்கும் சேர்த்து ஆகுற வயர் மவுஸ் எதுன்னு ஒரு பட்டியல் போட்டிருந்தீங்க. ஆசையா எடுத்து படிச்சேன், ஏன்னா பகல் முழுக்க எக்செல், டிசைன் வேலை, ராத்திரி ஆனா கேம்னு ஒரே மவுஸ புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்குற ஆள் நான், அதோட வீட்ல ஆபிஸ்ல யாரு மவுஸ் மக்கர் பண்ணாலும் ஸ்க்ரூ டிரைவர எடுத்துக்கிட்டு கழட்டி பாக்குற பழக்கமும் இருக்கு. ஆனா அந்த பட்டியல்ல ஒவ்வொரு மவுஸுக்கு நேராவும் டிபிஐ எவ்ளோ, பட்டன் எத்தனை, லைட் என்னென்ன கலர்ல எரியும், இவ்ளோதான் இருந்துச்சு. நீளம் இல்ல, எடை இல்ல, உள்ள என்ன சுவிட்ச் போட்டிருக்கான், வயர் எப்படின்னு ஒரு வரி கூட இல்ல. வாங்குற சனங்க தினமும் எட்டு பத்து மணி நேரம் கையில வெச்சிருக்கப் போற சாமான் இது, அதுக்கு இந்த தகவல்தான் மொதல்ல வேணும், அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

மொதல்ல அந்த டிபிஐ. மவுஸ ஒரு இன்ச் நகத்துனா அது கம்ப்யூட்டருக்கு எத்தனை எண்ணிக்கை சொல்லுதுங்கறதுதான் அது, அவ்ளோதான், பெரிசா இருந்தா நல்ல மவுஸ்னு அர்த்தமே கிடையாது. சாதாரண 1920 பிக்சல் அகல ஸ்கிரீன்ல, விண்டோஸ் ஸ்பீட நடுவுல வெச்சிட்டு 800 டிபிஐ போட்டா ஸ்கிரீன்ல இருக்குற அம்பு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு போக மவுஸ 2.4 இன்ச் நகத்தணும், கைக்கு அது நிம்மதியான தூரம். அதே ஸ்கிரீன்ல அட்டையில பெருசா போட்டிருக்குற 25,600 டிபிஐய வெச்சா ரெண்டு மில்லிமீட்டர் கூட நகத்த வேணாம், அம்பு அந்தப் பக்கம் போயிடும், அத வெச்சிக்கிட்டு எக்செல்ல ஒரு கட்டத்த கூட ஒழுங்கா கிளிக் பண்ண முடியாது. துப்பாக்கி கேம் போட்டியில ஆடுற பெரிய ஆளுங்கள்லயே நிறைய பேரு 400, 800, மிஞ்சிப்போனா 1600ன்னுதான் வெச்சிருக்காங்க. மவுஸ் அடியில இருந்து நகர்வ கவனிக்கிற சென்சார் நல்லதா இல்லையான்னு பாக்கணும்னா வேகமா இழுக்குறப்போ குறி தவறாம இருக்கா, கோடு போட்டா அதுவா வளைவ நிமித்தி விடாம நம்ம கை போனபடியே போகுதா, மவுஸ தூக்கி வெக்கிறப்போ அம்பு ஆடாம இருக்கா, இதத்தான் பாக்கணும். பிக்ஸ்ஆர்ட் கம்பெனியோட 3360 மாதிரி சென்சார் வந்ததுக்கப்புறம் இதெல்லாம் கேமிங் மவுஸ்ல பெரிய பிரச்சனையாவே இல்ல. வாங்குனதும் விண்டோஸ் மவுஸ் செட்டிங்ஸ்ல 'பாயிண்டர் பிரிசிஷன்'னு டிக் போட்டிருக்கும், கேம் ஆடுறவங்க அத எடுத்து விட்ருங்க, அது இருந்தா கை நகர்ற வேகத்த பொறுத்து தூரம் மாறிக்கிட்டே இருக்கும், குறி கைக்கு பழகவே பழகாது.

இப்ப முக்கியமான விஷயம், வடிவம். ஒரு ஸ்கேல எடுத்து மணிக்கட்டு ரேகையில இருந்து நடுவிரல் நுனி வரைக்கும் அளந்து பாருங்க. அதுல 60 சதவீதம் மவுஸ் நீளம் இருந்தா கைக்கு ஒத்து வரும்னு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க, சட்டம் எல்லாம் இல்ல, ஆனா ஆரம்பிக்க நல்ல இடம். 19 சென்டிமீட்டர் கைன்னா 11.4 வருது. அதுலயும் எப்படி புடிக்கிறீங்கன்னு ஒண்ணு இருக்கு. உள்ளங்கை முழுசா மவுஸ் மேல படுத்திருக்குற ஆளுக்கு முதுகு உயரமா, நீளமா வேணும். விரல மடக்கி நுனியால கிளிக் பண்றவங்களுக்கு பின்னாடி மட்டும் மேடா இருந்தா போதும். உள்ளங்கையே படாம விரல் நுனியில மட்டும் புடிக்கிறவங்களுக்கு சின்னதா, எடை கம்மியா இருக்கணும். லாஜிடெக் ஜி203 எடுத்தீங்கன்னா 11.7 சென்டிமீட்டர், 85 கிராம். அதே கம்பெனியோட ஜி502 ஹீரோ 13.2 சென்டிமீட்டர், 121 கிராம், கட்டை விரல் வைக்க தனியா மேடை வேற. ரெண்டையும் ஒரே பட்டியல்ல 'சிறந்த மவுஸ்'னு பக்கத்துல பக்கத்துல போட்டா படிக்கிறவங்களுக்கு என்ன புரியும், சின்ன கை இருக்குற பொண்ணுக்கு ரெண்டாவது மவுஸ்ல முன் பக்க சைடு பட்டன எட்டுறதுக்கே புடிய மாத்த வேண்டியிருக்கும். ஸோவி கம்பெனியோட இசி வரிசையில ஒரே வடிவத்த பெருசு, நடுத்தரம், சிறுசுன்னு மூணு சைஸ்ல போடுறாங்க, எல்லா கம்பெனியும் இப்படி பண்ணா எவ்ளோ நல்லா இருக்கும். இடது கைக்காரங்கள பத்தி யாருமே பேசுறதில்ல, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குன்னு நம்பி வாங்கிட்டு வந்தா சைடு பட்டன் மட்டும் இடது பக்கமே இருக்கும், அது அவங்க கட்டை விரலுக்கு எட்டாது, அதையும் பாத்துதான் வாங்கணும்.

கை வலி விஷயத்துல மவுஸ மட்டும் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, வெச்சிருக்குற இடமும் சேர்ந்துதான் வலிக்க வைக்குது. முழங்கை உடம்பு பக்கத்துல ஏறக்குறைய 90 டிகிரியில மடங்கி இருக்கணும், மணிக்கட்டு மேலயும் வளையக்கூடாது பக்கவாட்டுலயும் வளையக்கூடாது, மவுஸும் கீபோர்டும் ஒரே மட்டத்துல இருக்கணும். வலது பக்கம் நம்பர் பட்டன் இருக்குற பெரிய கீபோர்டுன்னா மவுஸ் தள்ளிப் போயிடுது, நாள் பூரா கைய வெளிப்பக்கம் நீட்டி வெச்சே வேலை பாக்குறோம், தோள்பட்டை வலி அங்க இருந்துதான் நிறைய பேருக்கு ஆரம்பிக்குது. நம்பர் பட்டன் அதிகம் தேவைப்படாதவங்க சின்ன கீபோர்டு மாத்துனாலே பாதி நிம்மதி. மேஜை விளிம்பு மணிக்கட்ட அழுத்துற மாதிரி உக்காராதீங்க, அந்த இடத்துலதான் மீடியன் நரம்பு ஒரு இறுக்கமான சந்து வழியா கைக்குள்ள போகுது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இதெல்லாம் மரத்துப் போகுது, ராத்திரி தூக்கத்துல கை ஊசி குத்துதுன்னா வேற மவுஸ் தேடாதீங்க, டாக்டர பாருங்க. இத உங்க பேப்பர் கண்டிப்பா ஒரு பெட்டி செய்தியாவாவது போடணும், இளவயசு பசங்க இத வெளிய சொல்லாமலே ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

அடுத்து எத்தனை நாள் உழைக்கும்ங்கறது. மவுஸ் சாவுறது பெரும்பாலும் சென்சாரால இல்ல, இடது பட்டனாலயோ வயராலயோதான். ஒரு தடவ கிளிக் பண்ணா ரெண்டு தடவ கிளிக் ஆகுது, ஃபைல இழுத்துட்டு போறப்போ பாதியில கை விட்ட மாதிரி விழுந்துடுது, இத அனுபவிக்காத ஆளே இருக்க மாட்டாங்க. கழட்டி பாத்தீங்கன்னா பட்டனுக்கு கீழ சின்னதா ஒரு கறுப்பு டப்பா இருக்கும், அதுதான் மைக்ரோ சுவிட்ச். அதோட மூடிய நெம்பி எடுத்தா உள்ள செம்பு கலர்ல ஒரு மெல்லிசு தகடு, நடுவுல வெட்டி ஒரு நாக்கு மாதிரி வளைச்சு விட்டிருப்பாங்க, அந்த வளைவுதான் 'டிக்'னு துள்ள வைக்கிற ஸ்பிரிங். நாள்பட அந்த வளைவு தளர்ந்து போகும், தகடு தட்டுற புள்ளியில ஆக்சைடு படிஞ்சு கறுத்து போகும், அப்புறம் ஒரு அழுத்துக்கு கரண்ட் ஒட்டி விட்டு ஒட்டி விட்டுன்னு துடிக்கும், கம்ப்யூட்டர் அத ரெண்டு கிளிக்னு எடுத்துக்கும். நிறைய மவுஸ்ல வர்ற ஓம்ரான் கம்பெனி சுவிட்ச் ஒண்ணு 2 கோடி கிளிக் தாங்கும்னு போட்டிருக்கும், ஒரு நாளைக்கு 5000 கிளிக்னு வெச்சா 4000 நாள், கிட்டத்தட்ட 11 வருஷம் வரணும். ஆனா நிஜத்துல அதுக்கு ரொம்ப முன்னாடியே பல மவுஸ் துடிக்க ஆரம்பிச்சிடுது, ஏன்னா அந்த எண்ணிக்கை மெஷின் வெச்சு ஒரே சீரா அழுத்தி எடுக்குற கணக்கு, நம்ம வேர்வை, தூசு, ஈரக்காத்து எல்லாம் அதுல வர்றதில்ல. இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆப்டிக்கல் சுவிட்ச், உலோகம் உலோகத்த தட்டாம ஒளிக்கதிர வெச்சு கிளிக் பதியுறது, ரேஸர் 2019-ல வைப்பர் மவுஸ்ல இத போட்டாங்க, உலோகம் ஒட்டி விட்டு துடிக்கிற பிரச்சனை அதுல இல்ல. இன்னொண்ணு, சுவிட்ச கழட்டி மாத்துற மாதிரி சாக்கெட் வைக்கிறது, ஏசுஸ் கிளாடியஸ் மவுஸ்ல ரொம்ப காலம் முன்னாடியே இத பண்ணி காட்டிட்டாங்க, சால்டரிங் தேவையே இல்ல, புடுங்கிட்டு புதுசு சொருகினா முடிஞ்சுது. இவ்ளோ சுலபமான விஷயத்த எல்லா கம்பெனியும் ஏன் பண்ணக் கூடாதுங்கறதுதான் என் ஆதங்கம், ஒரு சின்ன தகடு தளர்ந்து போச்சுன்னு நல்ல சென்சார், நல்ல வயர், நல்ல பிளாஸ்டிக் எல்லாத்தையும் சேர்த்து குப்பையில போடுறோம்.

வயர பத்தி சொல்லணும். மவுஸ கண்டுபிடிச்ச டக்ளஸ் எங்கல்பார்ட் குழு 1964 வாக்குல செஞ்ச மொத மவுஸ் மரக்கட்டையில செஞ்சது, அடியில ரெண்டு சக்கரம், அதுல வயர் மொதல்ல மணிக்கட்டு பக்கமா வந்து கையில இடிச்சுதுன்னுதான் பின்னாடி முன்பக்கத்துக்கு மாத்துனாங்க. வயர் கைக்கு தொந்தரவு பண்ணக்கூடாதுங்கற யோசனை அன்னிக்கே இருந்திருக்கு பாருங்க. இப்ப கடினமான ரப்பர் வயர், கெட்டியா நூல் பின்னுன வயர் ரெண்டுமே மேஜை விளிம்புல மடங்கி மவுஸ பின்னாடி இழுக்கும், குறி பாத்து நுணுக்கமா நகத்துறப்போ அது நல்லாவே தெரியும். லூசா நூல் சுத்துன மெல்லிசு வயர், பாராகார்டுன்னு சொல்றாங்க, அதுதான் சுகம், கையில எடுத்து தொங்க விட்டா தானா சரிஞ்சு விழணும். வயர் அறுந்து போறது பெரும்பாலும் ஒரே இடத்துலதான், மவுஸுக்குள்ள நுழையுற அந்த வாய்ல. வெளிய தோல் நல்லாவே இருக்கும், உள்ள மெல்லிசு கம்பி ஒவ்வொண்ணா அத்துப்போய் மவுஸ் நடுவுல செத்து செத்து பிழைக்கும். அந்த வாய்ல மடங்காம காப்பாத்துற ரப்பர் குழாய் நீளமா, வளையுற மாதிரி இருக்கான்னு வாங்குறப்போவே பாக்கணும், அதோட வேலை முடிஞ்சதும் வயர மவுஸ் மேலயே இறுக்கி சுத்தி பையில திணிக்கிறவங்க தயவு செஞ்சு அத நிறுத்துங்க, பெரிய வளையமா லூசா சுத்துங்க.

மத்தது எல்லாம் சுருக்கமா சொல்லிடுறேன். ஸ்க்ரோல் வீல உருட்டுறப்போ பக்கம் கீழ போறதுக்கு பதிலா எகிறி மேல போச்சுன்னா உள்ள வீல் சுத்துறத எண்ணுற என்கோடர்ல தூசு, இல்ல தேஞ்சு போச்சு. பக்கவாட்டுல மெத்துனு ரப்பர் பூச்சு போட்ட மவுஸ் கடையில தொட்டா அருமையா இருக்கும், கொஞ்ச காலத்துல பிசுபிசுன்னு ஆயிடும், சொரசொரப்பான பிளாஸ்டிக்கே போதும். அடியில வழுக்குற பாதம் டெஃப்ளான்ல இருந்தா நல்லது, தனியா வாங்கி மாத்திக்கலாம். போலிங் ரேட்டுன்னா மவுஸ் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவ கம்ப்யூட்டருக்கு தகவல் சொல்லுதுங்கறது, அது 1000 ஹெர்ட்ஸ்னா மில்லி செகண்டுக்கு ஒரு தடவ தகவல் போகுது, அது தாராளம், பழைய ஆபிஸ் மவுஸ் 125தான், வேலைக்கு அதுவே ஓடும், 8000 எல்லாம் போட்டா கம்ப்யூட்டர் பிராசஸருக்குத்தான் கூடுதல் சுமை. ஆனா ஒண்ண மறக்காதீங்க, மவுஸுக்குள்ளயே செட்டிங்ஸ் சேமிச்சு வைக்கிற மெமரி இருக்கணும், ஏன்னா ஆபிஸ் கம்ப்யூட்டர்ல நம்ம இஷ்டத்துக்கு சாஃப்ட்வேர் போட விட மாட்டாங்க, வீட்ல டிபிஐயும் பட்டனும் செட் பண்ணிட்டு அங்க போய் சொருகினா அப்படியே வேலை செய்யணும்.

வயர்லெஸ் இருக்கே ஏன் இன்னும் வயர்னு கேப்பாங்க. நல்ல வயர்லெஸ் இப்ப வேகத்துல வயருக்கு சமமா வந்திடுச்சு, அத நான் மறுக்கல. ஆனா வயர் மவுஸ்ல சார்ஜ் போடுற கவலை இல்ல, வருஷம் போக போக பேட்டரி வீணாப் போற கதை இல்ல, தொலைஞ்சு போக கம்ப்யூட்டர்ல சொருகுற ரிசீவர் இல்ல, பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் போற காசு நல்ல சுவிட்சுக்கும் சென்சாருக்கும் போகலாம். ரொம்ப வருஷம் நம்பி வெச்சிக்க ஒரு மவுஸ்னா எனக்கு இன்னும் வயர்தான்.

அதனால ஐயா, அடுத்த தடவ பட்டியல் போடுறப்போ லைட் கலர் கட்டத்த எடுத்துட்டு அந்த இடத்துல நீளம், அகலம், உயரம், வயர் இல்லாம எடை எவ்ளோ, சுவிட்ச் எந்த வகை, அத மாத்த முடியுமா, வயர் எப்படிப்பட்டது, உள்ள மெமரி இருக்கா, வாரண்டி எத்தனை வருஷம், டபுள் கிளிக் ஆனா அது வாரண்டியில வருமா வராதா, இத போடுங்க. முடிஞ்சா பக்கத்துலயே நிஜ சைஸ்ல ஒரு ஸ்கேல் அச்சடிச்சு விடுங்க, படிக்கிறவங்க கைய வெச்சு அங்கயே அளந்து பாத்துக்கட்டும்.

இப்படிக்கு,
உங்க பேப்பர தினமும் படிக்கிற வாசகன்