முழங்காலுக்கு 20 நிமிடம்

ஆசிரியருக்கு,

மாணவியர் கால்பந்துப் போட்டி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு வீராங்கனை வெளியேறியதை ‘துரதிருஷ்டம்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அப்படி விட்டுவிட முடியாது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு, மூன்று மடங்கு அதிகம். அதுவும் பெரும்பாலும் யாரும் மோதாமலே, ஓடிவந்து சட்டெனத் திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோதான் நேர்கிறது.

என் மகளுக்கும் அதுதான் நடந்தது. முட்டிக்குள் ‘டப்’ என்று கேட்டதாம். சுளுக்கு என்று ஸ்ப்ரே அடித்து மறுபடி ஆடவிட்டார்கள். அப்புறம் அறுவை சிகிச்சை, ஒன்பது மாதம் ஆட்டமே இல்லை. அவர்கள் அணியில் வார்ம்-அப் என்றால் மைதானத்தை இரண்டு சுற்று ஓடுவது, அவ்வளவுதான். இப்படிக் காயம் வராமல் தடுக்க, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா உருவாக்கிய ‘11+’ வார்ம்-அப் பயிற்சி 20 நிமிடம்தான்: ஒற்றைக்காலில் நிற்பது, முட்டி உள்பக்கம் மடங்காமல் இறங்குவது போன்றவை. நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமிகளிடம் இதைச் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வில், கடும் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தனிக் கருவி எதுவும் தேவையில்லை. முதலமைச்சர் கோப்பைக்கு அணிகளைத் தயார்செய்யும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு, விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இதை ஒருநாள் பயிற்சியாகக் கற்றுத்தரலாம்.

— ஒரு வாசகி, திருச்சி