கண்ணாடியில் புள்ளி வை, தாயி

தேவிபட்டினம்,
ஆவணி 12.

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளை, பேரன் நலத்துக்கு எழுது.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹால் கண்ணாடியில் திருநீறு பூசினாற்போல ஒரு புறாவின் அச்சு. விரித்த இறக்கை இரண்டும், நடுவில் நெஞ்சும், இறகு இறகாகப் பிரிந்து தெரிகின்றன. அது அழுக்கு இல்லை தாயி. புறாவின் இறகுகளுக்கிடையில் மாவு போல ஒரு தூள் உண்டு. வேகமாக வந்து அடிக்கும்போது அந்தத் தூள் அப்படியே கண்ணாடியில் பதிந்துவிடும். அந்த அச்சைச் சுற்றி என்ன தெரிகிறது என்று பார். உன் வேப்பமரமும் அதற்குப் பின்னால் வானமும். புறா அந்த மரத்துக்குத்தான் போயிருக்கிறது. நடுவில் கண்ணாடி இருப்பது அதற்குக் கடைசிவரை தெரியாது.

"கழுகுக் கண் என்கிறோமே, இதுகூடவா தெரியாது?" என்று போனில் கேட்டாய். கண்ணில் குறையில்லை. கண்ணாடி என்ற பொருள்தான் அதற்கு விளங்காது. நாம் சின்ன வயதில் முட்டி மோதி, நிலை, கம்பி, கைப்பிடி இதையெல்லாம் பார்த்துப் பழகி, இங்கே கண்ணாடி இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம். பறவைக்கு மரம் தெரிந்தால் மரம், வானம் தெரிந்தால் வழி. பகலில் வீட்டுக்குள் இருட்டு, வெளியே வெயில். அப்போது ஜன்னல், முகம் பார்க்கும் கண்ணாடியாகி மரத்தைக் காட்டும். உன் ஹாலில் நடப்பது இதுதான். இன்னொரு விதமும் உண்டு. மூலையில் இரண்டு கண்ணாடி சேரும் இடம், எதிரெதிர் ஜன்னல் வைத்த அறை, கண்ணாடி போட்ட பால்கனிக் கைப்பிடி, இவற்றில் மறுபக்கம் அப்படியே தெரியும். பறவை ஊடே புகுந்து போகப் பார்க்கும்.

பெரிய பட்டணத்துக் கட்டடங்களில்தான் இது நடக்கும் என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவில் 2014ல் வந்த ஓர் ஆய்வு, அந்த நாட்டில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி பறவைகள் வரை சாவதாக மதிப்பிட்டது. அதில் வானுயர்ந்த கட்டடங்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. சாதாரண வீடுகளிலும் நடுத்தர உயரக் கட்டடங்களிலும் போவதுதான் மற்ற எல்லாம். நம் பக்கத்திலும் கொக்கு, நாரைக்குச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் இருக்கின்றன. 2025ல் அவை, உலக முக்கியத்துவமுள்ள நீர்நிலைகளின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. ஆனால் உன் வீட்டுக் கண்ணாடியில் விழுவது தோட்டத்துக்கு வரும் சின்ன உருப்படிகள்: தவிட்டுப்புறா, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, தையல்சிட்டு, தாழப் பறந்து போகும் மீன்கொத்தி. இவற்றைக் காப்பாற்றக் கண்மாய்க்குப் போகவேண்டாம், ஜன்னலைச் சரிசெய்தால் போதும்.

பருந்துப் படம் ஒன்றை வாங்கி ஒட்டலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். வேண்டாம் என்று சொல். அசையாத படத்தைப் பருந்தென்று எந்தக் குருவியும் நம்பாது. அந்தப் படத்தை மட்டும் தவிர்த்து, பக்கத்தில் காலியாக இருக்கும் கண்ணாடியில் போய் விழும். உள்ளே திரை போடுவதும் இதற்கு உதவாது. பின்னால் திரை இருந்தாலும் முன்னால் மரத்தின் பிம்பம் விழத்தான் செய்யும். வெயிலுக்கு ஒட்டுகிறார்களே கருப்பு பிலிம், அது இன்னும் மோசம். கண்ணாடியை முழுக்க முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடியாக்கிவிடும்.

செய்யவேண்டியது ஒன்றுதான். கண்ணாடியின் வெளிப்பக்கம், பறவை நுழைய இடமில்லை என்று நினைக்கும் அளவுக்கு நெருக்கமாக, அடையாளம் வைக்கவேண்டும். எவ்வளவு நெருக்கம் என்றால் மூன்று விரல் அகலம், அதாவது 2 அங்குலம். மேலும் கீழும் 2, பக்கவாட்டிலும் 2. நிமிர்ந்த கோடுகளுக்கு 4 அங்குல இடைவெளி போதும் என்றும் சொல்வார்கள். புறா, மைனாவுக்கு அது சரிவரும். தேன்சிட்டுக்கு 4 அங்குலம் வாசல் மாதிரி, அதனால் நீ 2 அங்குலத்தை விடாதே. உள்பக்கம் வைத்தால் பிம்பம் மறைத்துவிடும். வெளிப்பக்கம் என்பதை இரண்டு தடவை அடிக்கோடு போட்டுக்கொள்.

படுக்கையறை ஜன்னலுக்குப் புள்ளி வைத்துவிடு. புள்ளிக்கோலம் போடுகிறவளுக்கு இது ஒரு வேலையே இல்லை. நாலடிக்கு நாலடி ஒற்றைக் கண்ணாடி, அதாவது 48 அங்குலம். ஓரத்திலிருந்து 2 அங்குலம் விட்டு ஆரம்பித்தால் வரிசைக்கு 23 புள்ளி, 23 வரிசை, ஆக 529. செய்தித்தாள்களைச் சேர்த்து ஒட்டி அதே அளவுக்கு வெட்டி, கட்டம் போட்டுப் புள்ளியைக் கருப்பு மையில் குறித்துக்கொள். அதைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டு, வெளியே நின்று, தெரிகிற புள்ளிமேல் புள்ளி வை. வெள்ளை எனாமல் பெயிண்டை ஒரு மூடியில் கொஞ்சமாக ஊற்றி, சீவாத பென்சிலின் தட்டை முனையைத் தொட்டு ஒற்றினால் 6, 7 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே சீராக விழும். அதைவிடச் சின்னதாக வைத்தால் தூரத்திலிருந்து தெரியாது. தின்னர் கலக்காதே, வழியும். நேர் எதிரே நின்று வை. சாய்ந்து நின்றால் கண்ணாடியின் கனத்தால் வரிசை கோணும். கருப்பு, நீலம் வேண்டாம். பிம்பத்தில் இருட்டான இடத்தில் கருப்பும், வானத்தில் நீலமும் கரைந்துபோகும். சுண்ணாம்பையும் தொடாதே, கண்ணாடியில் கறை ஏறினால் போகாது. எனாமலைப் பின்னால் வேண்டாமென்றால் பிளேடால் சுரண்டிவிடலாம்.

வைப்பதற்கு முன்னால் கழுவும் வேலையை அவசரமாகச் செய்துவிடாதே. நம் கடற்கரையில் பெயிண்டும் ஸ்டிக்கரும் உரிந்து வருவதற்குக் காரணம் உப்பு. கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடியில் படலமாகப் படிந்திருக்கும். முதலில் நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கரைத்துவிடு, பிறகு சோப்புத் தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர், கடைசியாக உலர்ந்த பருத்தித் துணி. நன்றாகக் காய்ந்து, வெயில் ஏறுமுன் காலையில் ஆரம்பி. சுடுகிற கண்ணாடியில் பெயிண்ட் ஒட்டுமுன்பே காய்ந்து பொருக்காகிவிடும்.

ஹால் கண்ணாடிக்குக் கயிறு கட்டுவது நல்லது, கடல் தெரிவதையும் அது அவ்வளவாக மறைக்காது. ஆறடி அகலம், நாலடி உயரம் என்று மாப்பிள்ளை சொன்ன ஞாபகம். முக்கால் அங்குல பிவிசி குழாய் இரண்டு, ஆறடி நீளத்தில் வாங்கு. இரும்புக் குழாய் வேண்டாம், உப்புக்காற்றில் ஒரு வருஷத்தில் துரு ஒழுகிச் சுவரைக் கெடுக்கும். இரண்டிலும் 2 அங்குலத்துக்கு ஒன்றாக 35 துளை போட்டு, ஒன்றை ஜன்னலுக்கு மேலும் மற்றதைக் கீழும், கண்ணாடியிலிருந்து 2 அங்குலம் தள்ளி, இரண்டு ஓரத்திலும் நடுவிலுமாகக் கிளாம்ப் வைத்து முடுக்கவேண்டும். நடுக் கிளாம்ப் இல்லாவிட்டால் குழாய் வில்லாக வளைந்து நடுக்கயிறுகள் தொளதொளத்துவிடும். திருகாணி எல்லாம் எவர்சில்வர். கயிறு 3 மில்லிமீட்டர் கனம், வெள்ளை. ஒரு கயிற்றுக்கு நாலரை அடி வீதம் 160 அடி போதும். கடையில் கிடைக்கும் மலிவு பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பஞ்சுபஞ்சாக உதிரும். உங்கள் மண்டபம் ஊரிலேயே வலைச்சாமான் கடையில் நைலான் கயிறு கேள், வெட்டிய முனையைத் தீயில் காட்டி உருக்கிக்கொள். மேலே மட்டும் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. காற்று குறைந்த ஊருக்கு அது சரி. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற நம் ஊரில் கயிறு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிறகு அங்கங்கே ஓரடிக்கு இடைவெளி விழும். இரண்டு முனையையும் கட்டிவிடு.

வலைச்சாமான் கடைக்குப் போகும்போது பழைய மீன்வலை கிடைக்கிறதே, அதை இழுத்துக் கட்டிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். மெல்லிய நைலான் நரம்பில் பின்னிய தங்கூசி வலையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டிவிடாதே. மீனுக்கே தெரியாத நரம்பு பறவைக்கு எப்படித் தெரியும்? தலையை நுழைத்து, திமிறத் திமிற இறுகி, கழுத்து அறுபட்டுச் சாகும். கண்ணாடியில் மோதுவதைவிடக் கொடுமை அது. வலை கட்டுவதானால் முறுக்குநூல் தடித்ததாக, கண் முக்கால் அங்குலத்துக்கு மேல் போகாததாக இருக்கவேண்டும். கண்ணாடியிலிருந்து 3 அங்குலம் தள்ளி, கட்டில் கயிறு போல விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் பறவை பட்டுத் திரும்பும். கீழே தொங்கவிட்டால் பாம்பும் ஓணானும் சிக்கும்.

சமையலறை ஜன்னலுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். வெளிப்பக்கம் முழுச் சட்டமாகக் கொசுவலை அடித்துவிடு. பிம்பமும் விழாது, கொசுவும் வராது. நகர்த்தும் ஜன்னலோடு வரும் கொசுவலைக் கதவு பாதி ஜன்னலைத்தான் மூடும், மறுபாதி கண்ணாடியாகவே நிற்கும் என்பதைக் கவனித்துக்கொள். மேற்கு ஜன்னலுக்கு மூங்கில் தட்டியோ பனையோலைத் தட்டியோ வெளியே தொங்கவிட்டாலும் அதே பலன், வெயிலும் தணியும்.

மாடி எடுக்கும்போது கண்ணாடிக் கைப்பிடி வைக்கவே வேண்டாம். ஜன்னலுக்குக் குளியலறையில் போடுகிற மாதிரி சொரசொரப்பான பின்ஹெட் கண்ணாடி போட்டு, சொரசொரப்பு வெளிப்பக்கம் வருமாறு மாட்டச் சொல். இப்போதெல்லாம் கம்பியை உள்ளே வைத்துக் கண்ணாடியை வெளியே வைக்கிறார்கள். கம்பி வெளியே, கண்ணாடி உள்ளே என்று மாற்றச் சொல்லிப் பார்.

வேப்பமரத்தடியில் நீ வைத்திருக்கும் தண்ணீர்ச் சட்டியையும் கம்பு தானியம் போடும் தட்டையும் இன்றைக்கே இடம் மாற்று. கண்ணாடியிலிருந்து பதினைந்து அடி இருக்கும். காக்கை வந்து விரட்டினால், புறா முழு வேகம் எடுக்கச் சரியான தூரம் அது. ஒன்று 3 அடிக்குள் கொண்டுவா, கிளம்பின வேகத்தில் மோதினாலும் உயிருக்கு ஆபத்து வராது. இல்லாவிட்டால் 30 அடிக்கு அப்பால் கொண்டுபோ. அமெரிக்காவில் டேனியல் கிளெம் என்ற பறவையியலாளர் 1970களிலிருந்து இந்தக் கண்ணாடி விஷயத்தையே ஆராய்ந்துவருகிறார். தீனித்தட்டு கண்ணாடிக்கு மிக அருகில் இருந்தால் சாவு குறைவு என்று சோதித்துக் காட்டியவர் அவர்தான்.

ஐப்பசிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கச்சான் ஓய்ந்து வாடை எடுக்கும் சமயத்தில்தான் ஆறுமணிக்குருவி வடக்கேயிருந்து வந்து சேரும். குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிற பறவை, பறப்பது இரவில். களைத்துப்போய் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து வீடுகளில் விழுந்து கிடக்கும். பச்சை முதுகும், வயிற்றடியில் குங்குமச் சிவப்புமாக அதைத் தரையில் பார்க்க மனசு கேட்காது. அது வந்துசேரும் காலம் முழுவதும் மொட்டைமாடி விளக்கை இரவில் அணைத்துவிடு, ஹால் திரையை இழுத்துவிடு. வாசல் விளக்கு அவசியமென்றால் தகரக் குல்லா போட்டு வெளிச்சம் கீழே மட்டும் விழச்செய்.

காரின் பக்கக் கண்ணாடியைத் தினமும் ஒரு கருஞ்சிட்டு கொத்துகிறது என்று எழுதியிருந்தாயே, அது வேறு சங்கதி. கூடு கட்டும் காலத்தில் தன் பிம்பத்தையே எதிரி என்று நினைத்துச் சண்டைக்கு நிற்கிறது. சாகாது, ஆனால் தின்னாமல் கொள்ளாமல் இளைக்கும். கார் நிற்கும்போது அந்தக் கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டிவிடு. சில வாரத்தில் மறந்துவிடும்.

இதையெல்லாம் செய்து முடிப்பதற்குள் ஏதாவது விழுந்தால், காக்கையும் பூனையும் வருமுன் எடுத்துவிடு. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் முதலில் துளை போட்டு, பழைய வேட்டித்துணியை விரித்து, பறவையை நிமிர்த்தி உட்காரவைத்து மூடி, சத்தமில்லாத இருட்டு மூலையில் வை. பூத்துவாலை விரித்தால் நகம் சிக்கும். தண்ணீர் புகட்டாதே, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். திறந்து திறந்து பார்க்காதே. பேரனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல், இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. ஒரு மணி நேரம் கழித்து வெளியே கொண்டுபோய் மூடியைத் திற. பறக்காவிட்டால் மறுபடி மூடிவை. பொழுது சாய்ந்துவிட்டால் விடியும்வரை விடாதே. சில மணி நேரமாகியும் தேறாவிட்டாலோ, இறக்கை ஒருபக்கம் தொங்கினாலோ, வனச்சரக அலுவலகத்துக்கோ கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோ. பேரன் வளர்க்கவேண்டும் என்று அடம்பிடிப்பான். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். பறந்துபோனதெல்லாம் பிழைத்துவிட்டது என்று கணக்கில்லை. மூளையில் ரத்தம் கசிந்து பிறகு எங்கேயாவது புதரில் விழுவதுண்டு. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்தி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் வேப்பமரத்தடியில் நின்று வீட்டைப் பார். எந்தெந்தக் கண்ணாடியில் மரமோ வானமோ தெரிகிறதோ அவற்றை மட்டும் குறித்துக்கொள், மற்றதை விட்டுவிடலாம். குறித்தவற்றின் அகலம், உயரத்தைச் சட்டத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் அளந்து, அங்குலத்தில் எழுதி அனுப்பு. குழாயில் துளை போட்டு இங்கிருந்தே பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா