ஊர்க் கோயில் கிராதி

பெரம்பூர்,
செவ்வாய் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. ஐந்து ஞாயிறாக உன் போன் இல்லை. ஆபீஸில் வேலை அதிகம் என்று அம்மா சொல்கிறாள். சரி.

ஊரிலிருந்து சித்தப்பா பேசினான். இந்தத் திருவிழா முடிந்ததும் அந்தோணியார் கோயிலை இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டப் போகிறார்களாம். தாத்தா உபதேசியாராக இருந்தபோது அது பனையோலைக் கூரை. ஓடு அப்புறம்தான் வந்தது. சாமியார் மாதம் ஒரு தரம் வண்டி கட்டி வருவார். மற்ற நாளெல்லாம் தாத்தாதான் மணியடித்து ஜெபமாலை சொல்வார். அப்போது பூசை லத்தீனில். ரோமில் ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கம் முடிந்து தமிழ்ப் பூசை வந்தபோது, லத்தீன் மறுமொழி முழுக்க மனப்பாடமாகத் தெரிந்த மனிதர், வீட்டுக்கு வந்து அழுதாராம். அந்த ஞாபகசக்திதான் உனக்கு. ஞானோபதேசப் பரீட்சையில் நீ முதலாவதாக வந்தபோது, தாத்தா பார்க்கவில்லையே என்று நினைத்தேன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு போன் போட நேரமில்லை.

கோயில் நடுவே மரக் கிராதி இருந்ததே, நீ பிடித்து ஊஞ்சலாடுவாயே. கை பட்டுக் கை பட்டு மேல்சட்டம் மட்டும் எண்ணெய் தேய்த்தது போல மின்னும். அது எதற்கு என்று கேட்டாய். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்றேன். அது பொய், பாப்பா. வடக்குப் பக்கம் மேலத்தெருவுக்கு, தெற்குப் பக்கம் கீழத்தெருவுக்கு.

வடக்கன்குளத்தில் பெரிய கோயிலையே 1872-ல் அப்படித்தான் கட்டினார்கள். இரண்டு கூடம், பீடத்தில் மட்டும் சேரும். நடுச்சுவரை 1910-ல் இடித்தார்கள். சுவர் வேண்டும் என்றவர்கள் வழக்குப் போட்டு, இங்கே சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து தோற்றார்கள். பிராட்வேயில் வேலை பார்த்த முப்பது வருடமும் அந்தச் சிவப்புக் கட்டடத்தைத் தாண்டித்தான் போய் வந்தேன்.

அந்தச் சுவர் போய் அறுபது வருடத்துக்கு மேல் கழித்து, எனக்கு இருபது வயது. திருவிழாச் சப்பரத்துக்கு முன்தண்டு நான். கீழத்தெரு முனையில் ஜனங்கள் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். ஒரு பாட்டி உப்பும் மிளகும் கிண்ணத்தில் வைத்திருந்தாள், காற்றுக்கு மெழுகுவர்த்தியை முந்தானையால் மறைத்துக்கொண்டு. முன்தண்டு திரும்பினால்தான் சப்பரம் திரும்பும். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நான்தான் அந்தத் தெருவுக்குள் போகாமல் திருப்பினேன்.

கிறிஸ்துமஸுக்கு உன்னோடு வந்த தம்பியிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. "ஊரில் உங்களுக்கு எந்தத் தெரு?" அவர் பதில் சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பாதி காப்பி அப்படியே இருந்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஜூன் 13 திருவிழா. சப்பரம் இப்போது கீழத்தெருவுக்குள்ளும் போகிறதாம். அதன் பின்னால் நடந்து போக வேண்டும் எனக்கு. நெல்லை எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் போடவா, நான்கா என்று அம்மாவிடமாவது சொல். சீக்கிரம் சொல், இடம் கிடைக்காது.

சாப்பிடு. ராத்திரி தனியாக ஆட்டோவில் வராதே.

அப்பா