காளைக்கு முன்னால் கிளுவை வேலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கயம் காளைகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். காங்கயம் பக்கத்துப் பரம்பரைத் தலைவர்களான பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தை மறக்காமல் குறிப்பிட்டதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத்து நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார், இனவிருத்திக்கான பொலிகாளைகளைப் பொறுக்கி எடுத்து மந்தையைப் பேணியிராவிட்டால் இந்த இனம் இன்றைய அமைப்பில் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் கட்டுரை முழுக்க மாடுதான் இருக்கிறது. அந்த மாடு மேயும் கொறங்காடு பற்றி ஒரு வரிகூட இல்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடுகள் பற்றி வரும் எழுத்துகளில் பெரும்பாலும் இதே குறைதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் பூமி எங்கள் காங்கயம் வட்டாரம். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். இந்த மழையை நம்பிக் கொங்குக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்த சொந்த மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு. சுற்றிலும் முள்கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேலாமரம். இந்த மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டும் நிற்காது.

முதலில் போவது வேலிதான். கிளுவையைக் கோடை முடிவில், மழைக்கு முன் நட வேண்டும். கட்டைவிரல் முதல் மணிக்கட்டுப் பருமன் வரை முற்றிய போத்துகளை, அதாவது நடுவதற்கான கிளைத் துண்டுகளை, மூன்று, நான்கு அடி நீளத்துக்கு வெட்டி, வெட்டுவாயில் பால் காயும்வரை சில நாள் நிழலில் போட்டு வைத்து, சாண் இடைவெளியில் ஒரு அடி ஆழத்தில் ஊன்றினால் போதும். வெட்டிய ஈரத்தோடு சேற்றில் நட்டால் அடி அழுகிவிடும். துளிர்த்த முதல் வருடம் ஆடு கிட்டே வரக்கூடாது. கொழுந்தை ஒருமுறை மொட்டையடித்துவிட்டால் அந்த இடத்தில் வேலி சந்து விழுந்துவிடும். அப்புறம் ஆண்டுக்கொருமுறை மேலே ஓடும் கிளைகளை வெட்டி அந்த முள்ளையே சந்துகளில் அடைத்து வந்தால் போதும். வாசலுக்கு ஒரு படல். மாடு மேய்க்க ஆள் வேண்டாம். இரவும் பகலும் மாடு உள்ளேயே கிடக்கும், சாணியும் மூத்திரமும் அந்த மண்ணிலேயே விழும். கம்பி வேலி மாட்டைத் தடுக்குமே தவிர, ஆடி மாதத்துக் காற்றையும் அது அள்ளிக்கொண்டு போகும் புழுதியையும் தடுக்காது.

புல்லில் தோற்பவர்கள் பெரும்பாலும் விதையில்தான் தோற்கிறார்கள். கொழுக்கட்டைப் புல் விதை சுணையோடு பஞ்சு மாதிரி இருக்கும். அறுத்த கையோடு விதைத்தால் முளைக்காது. குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் வைத்திருந்த விதைதான் வேண்டும். ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதையை ஈர மணலில் பிசறித் தூவி, முள்செடியைக் கட்டி லேசாக இழுத்துவிட்டால் சரி. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போன விதை மேலே வருவது கடினம். டிராக்டரை விட்டு ஆழ உழுது மூடிவிட்டு, விதை கெட்டது என்று சொல்வதில் நியாயமில்லை. முதல் வருடம் புல் மணி பிடித்து உதிரும்வரை மாட்டை விடக் கூடாது. வேர் பிடிக்காத தூரை மாடு கடித்தால் தூரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பிறகும் நாலு விரற்கடை உயரம் மிச்சம் இருக்கும்போதே மந்தையை அடுத்த காட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

சில ஆண்டுகளில் புல் நலிந்தால் உழுது சோளமோ கொள்ளோ போட்டு மண்ணைத் திருப்புவது வழக்கம். அப்போது ஒன்றில் கவனம் தேவை. மழை நின்று வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் நஞ்சு ஏறியிருக்கும். கொஞ்ச நேரம் மேய்ந்தாலே மாடு விழுந்துவிடும்.

வெள்வேலின் அருமை கோடையில்தான் தெரியும். புல் சருகாகிக் கிடக்கும் காலத்தில் காய் முற்றி உதிரும். காற்று அடித்துக் காய் சலசலவென்று விழும் ஓசை கேட்டதும், தூரத்து நிழலில் படுத்திருக்கும் செம்மறிகள் எழுந்து ஓடி வரும். அந்த மாதங்களில் புரதம் இந்தக் காயில்தான் கிடைக்கிறது. மரங்கள் கிளையோடு கிளை உரசும் அளவுக்கு நெருங்கவிடாமல் கழித்துவிட்டால் கீழே புல்லும் நிற்கும்.

சீமைக்கருவேலம் நுழைவதும் காய் வழியேதான். வெளியில் அதன் காயைத் தின்று வந்த ஆடுகளை நேராகக் கொறங்காட்டில் விட்டால், புழுக்கை விழும் இடமெல்லாம் முளைக்கும். ஒரு வாரம் பட்டியில் அடைத்து வைத்துவிட்டு உள்ளே விடுவது நல்லது. முளைத்ததை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்க வேண்டும். மரமானபின் தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்று பத்தாகத் துளிர்க்கும்.

இவ்வளவும் தெரிந்த குடும்பங்களில்கூடக் கொறங்காடு ஏன் அழிகிறது? அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நான்கு காடு ஆளுக்கொன்றாகப் போனபின் மாற்றி மாற்றி மேய்க்க இடமில்லை. வெளியூரில் இருப்பவர் ஒரு வருடக் குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்காரருக்கு அடுத்த வருடம் தன் கையில் இல்லை, ஆகவே வேர்வரை மேய்த்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காட்டைப் பிரித்தாலும் மேய்ச்சலைப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள், குத்தகையை ஐந்து வருடமாக எழுதுங்கள் என்பதே எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டரைச் சுற்றியே கறக்கும் காங்கயம் பசுவைத் தீவனம் வாங்கிப் போட்டு வளர்த்தால் கட்டுப்படியாகாது. கொறங்காடு இருந்தால்தான் அந்தப் பசு நிற்கும், பசு நின்றால்தான் நீங்கள் படம் போட்ட காளை பிறக்கும்.

சூரிய மின்வேலிக்கு மானியம் தருகிற அரசு, கிளுவை வேலி போடுவதற்கும் சந்து அடைப்பதற்கும் அடிக்கணக்கில் ஒரு தொகை ஒதுக்கலாம். அடுத்த மழைக்கு முன் தங்கள் இதழ் இதை எடுத்துச் சொன்னால், இந்த வருடமே போத்து நட நேரமிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளகோவில் வட்டாரம்