ஃப்ரீமாண்ட் மலையின் தீக்காவல் அறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ரெய்னியர் தேசியப் பூங்கா பற்றி உங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாரடைஸ் விடுதியைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். 1885-இல் காட்டுத்தீயில் பட்டுப்போய், வெள்ளிபோல் வெளுத்து நின்ற மரங்களைக் கொண்டு கட்டி 1917-இல் திறந்த விடுதி அது. சரி, ஆனால் அதே பூங்காவின் ஃப்ரீமாண்ட் மலையில், காட்டுத்தீ எழுகிறதா என்று காவலர் உட்கார்ந்து பார்ப்பதற்காகக் கட்டிய தீக்காவல் அறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. அதுதான் என் மனக்குறை.

நான் 31 ஆண்டுகள் சர்வேயராக இருந்தவன். சியாட்டிலில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் அங்கே அழைத்துப் போனார். பூங்காவின் சன்ரைஸ் என்ற பகுதியிலிருந்து நாலரை கிலோமீட்டர் நடை, கடைசியில் வெறும் கல் சரிவு. சுமார் 7,200 அடி உயரத்தில், பாறை விளிம்பில், 1934-இல் கட்டிய மர அறை. நான்கு பக்கமும் ஜன்னல், எதிரே பனி மூடிய ரெய்னியர் சிகரம்.

1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா பக்கம் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. அதற்கப்புறம்தான் இப்படிப்பட்ட காவல் அறைகள் மலைக்கு மலை பெருகின. பல அறைகளின் நடுவில் ஆஸ்போர்ன் என்ற வனத்துறை அலுவலர் உருவாக்கிய கருவி இருக்கும். வட்டமான வரைபடம், அதைச் சுற்றித் திரும்பும் வளையம், குறி பார்க்க இழுத்துக் கட்டிய ஒரு குதிரை மயிர். தூரத்துப் புகையை அந்த மயிருக்கு நேராக வைத்துக் கோணத்தைப் படிப்பார்கள். வேறொரு உச்சியில் இருப்பவரும் தன் கோணத்தைச் சொல்வார். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தீ! நாங்கள் சர்வேயர்கள் பிளேன் டேபிளில் (களத்திலேயே வரைபடம் போடும் பலகை) போட்ட அதே கணக்கு. கோடை முழுக்க அங்கே தனியாக உட்கார்ந்திருந்த, பெயர் தெரியாத அந்தக் காவலர் என் கூட வேலை பார்த்தவர் போலத் தோன்றினார். இடி மின்னலின்போது, மின்சாரம் பாயாதபடி கால்களில் கண்ணாடிக் குமிழ் பொருத்திய சிறு மர ஸ்டூலில் ஏறி நின்றுகொள்வார்களாம்.

கைப்பிடி மரத்தில் சிலர் பெயரைச் செதுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் வாசகர்கள் விடுதியோடு திரும்பிவிடாமல் இந்த அறைக்கும் ஏறிப் பார்க்க வேண்டும். மரத்தில் கை வைக்க வேண்டாம். சன்ரைஸ் சாலை பனி விலகி ஜூலை வாக்கில்தான் திறக்கும் என்பதையும் அடுத்த முறை போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வேயர், திருச்சி